மூன்றாவது ஈடு

என் கணவன் கிளிக்கூண்டில் முட்டை வைப்பதற்கான மரப்பெட்டியை மாட்டிய அதே வாரம், தான் வீட்டைவிட்டுக் கழன்றுகொண்டான். பெட்டியை நான்கு மூலையிலும் ஸ்க்ரூ போட்டு அழுத்தமாக முறுக்கியிருந்தான். அந்த அக்கறையில் பாதியைக் கல்யாணத்தில் காட்டியிருந்தால் எனக்குச் சொல்ல எந்தக் கதையும் இருந்திருக்காது. போன் கவர் விற்கும் கடையில் வேலைபார்த்த ஒருத்தியோடு போனான். போகும்போது சவர சாமான், புது செருப்பு, சக்கரம் வைத்த நல்ல பெட்டி எல்லாவற்றையும் ஞாபகமாக எடுத்துக்கொண்டான். மறந்தது என்னையும் அவன் அம்மாவையும் அந்த பட்ஜி ஜோடியையும்தான்.

பட்ஜி என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கிளி. லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி விற்பார்கள். எங்கள் வீட்டில் லவ் என்று இருந்ததெல்லாம் அந்தக் கூண்டுக்குள்தான். ஆண் பச்சை நிறம், மூக்குக்கு மேலே நீலத் தோல். பெண் நீல நிறம், மூக்குக்கு மேலே பழுப்புத் தோல். என் மாமியார், அதாவது அத்தை, ஆணுக்கு மாப்பிள்ளை என்றும் பெண்ணுக்கு மகராசி என்றும் பேர் வைத்திருந்தார். பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் மகராசிக்கு மாப்பிள்ளை ஓட்டை வழியாகத் தலையை நுழைத்துத் தன் தொண்டையிலிருந்து தினையைக் கக்கி ஊட்டுவான்.

"பாரு, பொண்டாட்டிக்கு எப்படி ஊட்டறான். எனக்கும் ஒண்ணு பொறந்துச்சே," என்பார் அத்தை.

அவன் போன மறுநாள் காலையில் நான் சண்டைக்குத் தயாராக எழுந்தேன். 'நீ ஒழுங்கா இருந்திருந்தா அவன் ஏன் போறான்' என்று அத்தை ஆரம்பிப்பார், அதற்கு என்ன பதில் சொல்வது என்று பல் தேய்க்கும்போதே யோசித்து வைத்திருந்தேன். நல்ல பதில்கள். ஒன்று கூடப் பயன்படவில்லை. அத்தை டீயை என் முன்னால் வைத்து, "குடி. வேலைக்கு நேரமாச்சு," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கழுதைக்கு நான் பால் குடுத்திருக்கவே கூடாது," என்றார். நான் டீயைக் குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தார். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை.

இதை வைத்து எங்களுக்குள் பெரிய பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். நான் கழுவிய பாத்திரத்தை அவர் திரும்பக் கழுவுவார். நான் அறைக்குள் இருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டுப் போவார், கேட்டால் "இருந்தியா?" என்பார். நான் ஒரு சலவைக் கடையில் கவுண்டரில் வேலைபார்க்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் சட்டையில் கறை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், என் சட்டையில் கறை பார்க்க அத்தை காத்திருப்பார். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். அவருக்கு அதைவிட அதிகம், அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அத்தைக்கு ஒரு மகள் உண்டு. என் கணவனுக்கு மூத்தவர், எனக்கு நாத்தனார். தம்பி ஓடிப்போன செய்தி கேட்டதும் போன் போட்டார். அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அதனால் எனக்குத் தெரியாத ரகசியம் அந்த வீட்டில் கிடையாது.

"அங்க இனிமே உனக்கென்னம்மா வேலை? பெத்த பிள்ளையே இல்லாத வீட்டுல மருமக கையை எதிர்பார்த்து உக்காந்திருப்பியா? மாடி ரூம் காலியாத்தான் கிடக்கு. கிளம்பி வா."

நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தி நின்றுபோனது. அத்தை கூண்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"இப்ப எப்படிடி வர்றது? மகராசி முட்டை வச்சிருக்கா. இவகிட்ட விட்டுட்டு வந்தா பட்டினி போட்டுக் கொன்னுடுவா. குஞ்செல்லாம் வெளிய வரட்டும், வந்துடறேன்."

நான் எதையும் பட்டினி போட்டதில்லை. கோபம் வந்தது. ஆனாலும் வெங்காயத்தைத் திரும்ப நறுக்க ஆரம்பித்தபோது மனசு லேசாக இருந்தது. ஏன் லேசாக இருந்தது என்று யோசித்துப் பார்த்ததில்தான் விஷயம் புரிந்தது. அத்தை போய்விட்டால் வீட்டில் என்னைத் திட்டக்கூட ஆள் கிடையாது. சாயங்காலம் தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் ஜன்னலில் விளக்கு எரிகிறதா என்று என் கண் போகும். எரியும். அந்த விளக்கு இல்லாத ஜன்னலை நினைத்துப் பார்த்தேன். எனக்கு அந்தப் பெண்மணி வேண்டும். ஆனால் அதைப் போய் அவரிடம் எப்படிச் சொல்வது? கட்டிய கணவனையே வீட்டில் நிறுத்திவைக்கத் தெரியாதவள், அவன் அம்மாவை இரு என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிக்க மாட்டார்களா?

அதனால் சொல்லவில்லை. குஞ்சு பொரிப்பது மெதுவாக நடக்கட்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

பட்ஜி முட்டைகள் ஒரே நாளில் பொரிவதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் வைத்த முட்டை, ஒருநாள் விட்டு ஒருநாள்தான் பொரியும். ஆகவே பெட்டியைத் திறந்தால் மூத்தது தடியாகவும் கடைசி துளியூண்டாகவும் படிப்படியாகக் கிடக்கும். கண் திறக்காது, உடம்பில் ஒரு மயிர் கிடையாது, பார்க்கச் சகிக்காது. முதல் குஞ்சைப் பார்த்துவிட்டு அத்தை, "உன் புருஷன் பொறந்தப்போ இப்படித்தான் இருந்தான்," என்றார். பிறகு நாளாக ஆகத் தோலில் முள் முள்ளாக இறகு குத்திக்கொண்டு வரும், முள் வெடித்து நிறம் தெரியும். அப்போதுதான் அது பறவை என்று நம்பிக்கை பிறக்கும்.

அத்தை தினமும் காலையில் பெட்டியின் மூடியைத் தூக்கி ஒவ்வொன்றின் தொண்டைப்பையையும் பார்ப்பார். தோல் மெலிதாக இருப்பதால் உள்ளே தினை இருக்கிறதா என்று வெளியிலிருந்தே தெரியும். நான் வேலைக்குக் கிளம்பும்போது அறிக்கை வாசிப்பார். "எல்லாத்துக்கும் வயிறு ரொம்பியிருக்கு. நீ சாப்ட்டியா?" இரண்டையும் ஒரே குரலில்தான் கேட்பார்.

முதல் ஈட்டுக் குஞ்சுகள், அதாவது முதல் தடவை வைத்த முட்டைகளில் பொரிந்தவை, வளர்ந்து வெளியே வந்தன. எதிர்வீட்டு டிரைவருக்கு ஒரு ஜோடி கொடுத்தோம். பல் டாக்டரின் காத்திருப்பு அறைக்கு ஒரு ஜோடி போனது. அங்கே வருகிறவர்களின் முனகலுக்கு நடுவே அவை பாடட்டும். நாத்தனார் நாள் குறித்தார். அத்தையின் பை கட்டி வாசலுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது. கடையில் ஒருவர் கோட்டுக்கு வேறொருவர் சீட்டைக் குத்தி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கிளம்ப வேண்டிய நாள் காலையில் அத்தை பெட்டி மூடியைத் தூக்கிப் பார்த்து, "அடிப்பாவி!" என்றார். உள்ளே புதிதாக ஒரு முட்டை.

"வயித்துப் பிள்ளைக்காரியை விட்டுட்டு எப்படிப் போறது?" என்று போனில் மகளிடம் சொன்னார். "இந்த ஒரு ஈடு முடியட்டும்." பை திரும்ப உள்ளே போனது. அன்றைக்கு நான் மகராசிக்குக் கொத்துமல்லிக் கட்டு ஒன்று வாங்கிவந்து கூண்டில் செருகினேன்.

இரண்டாம் ஈட்டில் ஒரு சிக்கல். கடைசிக் குஞ்சை மூத்தவை மிதித்துத் தள்ளியதில் அதற்குத் தீனி போய்ச் சேரவில்லை. தொண்டைப்பை காலியாகக் கிடந்தது. கையால் ஊட்ட வேண்டியதாயிற்று. ஒரு ஸ்பூனின் இரண்டு ஓரத்தையும் மடக்கி வாய்க்கால் மாதிரி செய்து, மாவைக் கூழாகக் கரைத்து, வெதுவெதுப்பாக ஊட்ட வேண்டும். சூடு அதிகமானால் தொண்டை வெந்துவிடும், ஆறிப்போனால் உள்ளேயே புளித்துவிடும். முதல் தடவை நான் கரைத்ததை அத்தை தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்து என் கையில் ஒன்று போட்டார். "குழம்பா இது? கொதிக்குது!"

அதிலிருந்து காலையில் நான், பகலில் அவர், சாயங்காலம் இரண்டு பேரும். அத்தை குஞ்சைத் துணியில் சுற்றிப் பிடிப்பார், நான் ஸ்பூனை நீட்டுவேன். அது தலையை ஆட்டி ஆட்டி இழுக்கும். அந்த நேரத்தில் மட்டும் நாங்கள் சண்டை போட்டதில்லை. கை ஆடக்கூடாதே. கடைக்குட்டி பிழைத்துக்கொண்டது. வாலாட்டிக்கொண்டு என் தோளில் ஏறி, கழுத்தில் எச்சம் போட்டது. அத்தை கைகொட்டிச் சிரித்தார். அவன் போனபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சலவைக் கடைக்குப் போகும் வழியில்தான் பறவைத் தீனிக் கடை. ஒருநாள் கணவாய் மீனின் ஓடு வாங்கப் போனேன். பறவைகள் அதைக் கொறித்தால் முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து கிடைக்கும்.

"எத்தனாவது ஈடும்மா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ரெண்டாவது. வெளிய வரப்போகுது."

"வந்ததும் முதல் வேலையா பெட்டியைக் கழட்டிடுங்க. பெட்டி கண்ணுல படற வரைக்கும் அது முட்டை போட்டுக்கிட்டேதான் இருக்கும். உடம்புல இருக்கற சத்தெல்லாம் ஓட்டுக்கே போயிடும். மூணாவது ஈட்டுக்கு விட்டீங்கன்னா பொட்டை தாங்காது."

நான் தலையை ஆட்டினேன். ஒன்றுக்கு இரண்டாகக் கணவாய் ஓடு வாங்கினேன். வீட்டுக்கு வந்து இரண்டையும் கூண்டில் தொங்கவிட்டேன். லஞ்சம்தான், வேறென்ன. பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்து அலமாரி உச்சியில், பழைய மின்விசிறிக்குப் பின்னால் வைத்தேன். தேடினால் கிடைக்காதபடி. பெட்டி இருந்தால் முட்டை. முட்டை இருந்தால் அத்தை. எனக்கு அவ்வளவுதான் கணக்கு.

ஒரு வாரம் கழித்து ஏறிப் பார்த்தால் ஸ்க்ரூடிரைவரை அங்கே காணோம். வேறெங்கோ வைத்துவிட்டேன் போல, நல்லதாய்ப் போச்சு என்று இறங்கிவிட்டேன். கூண்டில் நான் வாங்காத மூன்றாவது ஓடு ஒன்று தொங்கியது. அதைப் பற்றியும் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால் மூளைக்கு அது ஒரு கஷ்டமே இல்லை.

இரண்டாம் ஈட்டுக் குஞ்சுகள் வெளியே வந்ததும் மகராசி மூன்றாவது ஈட்டுக்கு முதல் முட்டை வைத்தாள். அத்தை போனில் மகளிடம், "நான் என்னடி பண்றது, அது மறுபடியும் வச்சிருச்சு," என்றார். நாத்தனார், "அம்மா, அது கிளியா, கோழிப் பண்ணையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அடுத்து இன்னொரு முட்டை.

அதற்கடுத்த முட்டை வர வேண்டிய காலையில் அத்தை என்னைக் கூப்பிட்ட குரலில் திட்டே இல்லை. "இங்க வா," என்று மட்டும் சொன்னார். ஓடினேன். மகராசி பெட்டியில் இல்லை, கம்பில் இல்லை. கூண்டின் தரையில் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் போனது. மாப்பிள்ளை மேலேயிருந்து கத்திக்கொண்டிருந்தான்.

மிருக டாக்டருக்கு போன் செய்தேன். நாய், பூனை மட்டும்தான் பார்ப்பாராம். "ரெண்டு கால் உள்ளது பார்க்கறதில்லையா?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்கள். அத்தை அதற்குள் செருப்பு டப்பாவில் துவாலை விரித்து, மகராசியை உள்ளே வைத்து, வீட்டுச் செருப்போடேயே வாசலில் நின்றார்.

தீனிக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தார். குனிந்து உள்ளே போனோம். அவர் மகராசியைக் கையில் எடுத்து, வயிற்றை விரல் நுனியால் தொட்டார்.

"முட்டை அடைச்சிருக்கு. எத்தனாவது ஈடு?"

நான் தரையைப் பார்த்தேன். அத்தை தினை மூட்டையைப் பார்த்தார்.

"மூணாவது," என்றார் அத்தை.

"மூணாவதா! பெட்டியைக் கழட்டச் சொன்னேனேம்மா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். உடனே அத்தை பக்கம் திரும்பினார். "உங்ககிட்டயும் சொன்னேனே? ஓடு வாங்க வந்தப்போ, இதே இடத்துல நின்னு சொன்னேன். சரி தம்பி, சரி தம்பின்னு தலையை ஆட்டினீங்களே?"

கடைக்குள் நூறு பறவைகள் கத்திக்கொண்டிருந்தன. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அத்தை என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன்.

"உனக்குத் தெரியுமா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

கடைக்காரருக்கு எங்கள் இருவரையும் பார்த்து வெறுத்துப்போயிருக்க வேண்டும். "வாய் ரெண்டு பேருக்கும் நல்லாத்தான் இருக்கு. அதுக்குத்தான் வாய் இல்லை," என்றார். பின்பக்கம் ஒரு சொட்டு எண்ணெய் தடவினார். "சூடு வேணும். வெறும் சூடு இல்ல, ஈரமான சூடு. நீராவி மாதிரி. உடம்பு தளர்ந்தா முட்டை தானா இறங்கும். அழுத்திடாதீங்க, உள்ள உடைஞ்சா அவ்வளவுதான். நேரமில்லை, போங்க."

ஈரமான சூட்டுக்கு எங்கே போவது என்று அத்தை முழித்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். நாள் முழுக்க நான் வேலைபார்ப்பதே அதற்குள்தான்.

சலவைக் கடையின் பின்னால் இஸ்திரி அறை. நீராவி இஸ்திரி மேசையைத் திறந்தால் அறை முழுக்கப் புகை மாதிரி வெதுவெதுப்பு நிறையும். முதலாளி அப்போதுதான் வந்து விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். "முதலாளி, இது என் மாமியார். உள்ள உக்காரப்போறாங்க. எதுவும் கேக்காதீங்க," என்றேன். அவர் டப்பாவைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. அத்தையை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, நீராவியைத் திறந்துவிட்டேன். அத்தை டப்பாவை மடியில் வைத்து, மகராசியின் மேல் கையைக் குடை மாதிரி பிடித்துக்கொண்டார்.

நான் கவுண்டருக்கும் அறைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தேன். முன்னால் ஒருவர் தன் கோட்டில் இருக்கும் கறை காபிக் கறை இல்லை என்று என்னோடு வாதாடிக்கொண்டிருந்தார். காபிக் கறைதான். பின்னால் அத்தை நீராவிக்குள் முகம் வேர்த்து, மகராசியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"கொழுப்பெடுத்தவளே, வேணாம்னு உனக்காவது தோணக்கூடாதா? ஒரு ஈடு, ரெண்டு ஈடு, போதும்னு நிறுத்த மாட்டியா? யாரு உன்னைக் கேட்டா?" திடீரென்று குரல் உடைந்தது. "நான்தான் கேட்டேன். நான்தான்டி கேட்டேன். என் சுயநலத்துக்கு உன்னைக் கொல்லப் பார்த்தேனே. மகராசி, போயிடாதடி. போயிடாத, கண்ணு."

அத்தை அழுது நான் பார்த்ததே இல்லை. மகன் ஓடியபோதுகூட அழவில்லை, திட்டத்தான் செய்தார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"ஏன் கழட்டல நீங்க?" என்று கேட்டேன். வேண்டுமென்றே கேட்டேன். அவர் வாயால் வரட்டும் என்று.

அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீ ஏன் கழட்டல?"

"நான் முதல்ல கேட்டேன்."

"நான் வயசுல மூத்தவ."

முன்னால் மணி அடித்தது. கோட்டுக்காரர் போய் அடுத்தவர் வந்திருந்தார். நான் போனேன். திரும்பி வந்தபோது அத்தை டப்பாவுக்குள் குனிந்து மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மகராசி ஒருமுறை உடம்பை இறுக்கினாள். அப்புறம் துவாலையில் ஏதோ நழுவி விழுந்தது. முட்டைதான், ஆனால் ஓடு இல்லை. மெல்லிய தோலோடு, தொட்டால் நசுங்கும்படி இருந்தது. ஓட்டுக்கு வேண்டிய சத்து அவள் உடம்பில் மிச்சம் இல்லை. மகராசி கண்ணை முழுசாகத் திறந்து, தலையைத் தூக்கி, அத்தையின் விரலைக் கடித்தாள்.

"கடிக்கறா! நல்லாக் கடிக்கறா!" என்று அத்தை கத்தினார்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "உள்ள என்னம்மா நடக்குது?"

"பிரசவம்," என்றேன்.

"சரி," என்று போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "தாய் நல்லாயிருக்கா?" என்று கேட்டார். நல்ல மனுஷன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை நேராகத் தன் கட்டிலுக்குப் போனார். தலையணை உறைக்குள் கையை விட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். அந்த வயதில் எப்படி அலமாரி உச்சிக்கு ஏறினார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நாற்காலியைப் போட்டு, நான்கு ஸ்க்ரூவையும் தானே கழட்டினார். நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன். உள்ளே மிச்சமிருந்த முட்டைகள் சில்லிட்டுக் கிடந்தன. மகராசியைத் தனிக் கூண்டில் விட்டோம். மாப்பிள்ளை கூண்டில் பெட்டி இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தினை கொறிக்கப் போய்விட்டான். கல்யாணம் ஆனவர்களில் சீக்கிரம் தேறிக்கொள்வது எப்போதும் அந்தப் பக்கம்தான்.

அத்தை நாற்காலியிலிருந்து இறங்கி, உட்காராமலேயே மகளுக்கு போன் போட்டார்.

"ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துக்கிட்டு வா. வந்துடறேன்." "கிளி முட்டை என்னாச்சு?" என்று கேட்டார் நாத்தனார். "எல்லாம் முடிஞ்சுது. ஒரு உயிரை வதைச்சுக்கிட்டு நான் ஒரு இடத்துல உக்கார வேணாம்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். இப்போதாவது வாயைத் திற என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "தினை தீர்ந்துபோச்சு, வாங்கணும்," என்றேன். வாயைத் திறந்தால் இதுதான் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தார். அவர் கணவர் வண்டியை அணைக்காமல் கீழேயே இருந்தார். நாத்தனார் ஹாலில் உட்கார்ந்து, கூண்டை ஒரு சுற்றுப் பார்த்து, பெட்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பலமுறை ஏமாந்தவர்.

உள்ளே அத்தையின் கட்டிலில் பை திறந்து கிடந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடிப்பது என் தொழில். ஒரு புடவையை உதறி, ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து, மடித்து, வைத்தேன். கோணலாகத் தெரிந்தது. பிரித்தேன். திரும்ப மடித்தேன்.

"கடைத்துணி மாதிரி என்ன மடிப்பு? சுருட்டி உள்ள வை," என்றார் அத்தை.

"சுருக்கம் விழும்."

"விழட்டும். அங்க இஸ்திரிப் பொட்டி இருக்கு."

"இருந்தா? போடத் தெரிஞ்ச ஆள் இருக்கா?"

"கீழ வண்டி ஓடிக்கிட்டிருக்கு. அதே புடவையை எத்தனை தடவைடி மடிப்ப?"

"எத்தனை தடவையும் மடிப்பேன்! என் கை, என் இஷ்டம்!" எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒளிச்சு வைக்கத் தெரியுது, தலையணைக்குள்ள வச்சுப் படுக்கத் தெரியுது, இங்கயே இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையா உங்களுக்கு?"

அத்தை கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். குரல் இறங்கித்தான் வந்தது.

"எப்படிடி சொல்வேன்? நான் பெத்தது உன்னை நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிருக்கு. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உன்கிட்ட வந்து, நான் இங்க இருக்கட்டுமான்னு கேப்பேன்? கிளியைச் சாக்கா வச்சுக்கிட்டு ஒவ்வொரு ஈடா ஓட்டினேன். நீயா ஒருநாள் சொல்வேன்னு பார்த்தேன். நீ சொல்லல. சரி, வேணாம் போலன்னு நினைச்சேன்."

"நான் மட்டும் எப்படிச் சொல்வேன்? நீங்க உங்க பொண்ணு வீட்டுக்குப் போறதை நிறுத்த நான் யாரு?"

"யாருன்னு தெரியாமயா இத்தனை நாள் உனக்கு டீ போட்டேன்?" அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இப்ப சொல்லு."

"என்னத்தை?"

"தெரியாத மாதிரி கேக்காத."

புடவையைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றேன். எந்தப் புடவையையும் நான் அப்படிக் கசக்கியதில்லை.

"போகாதீங்க," என்றேன்.

அத்தை கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "சத்தமா சொல்லு. வெளிய இருக்கறவளுக்குக் கேக்கணும். நானா வந்து ஒட்டிக்கிட்டேன்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாது."

"போகாதீங்க அத்தே!"

நான் போட்ட சத்தத்தில் ஹாலில் பறவைகள் கப்சிப்பென்று ஆகிவிட்டன. நாத்தனாரின் குரல் மட்டும் பதறிக்கொண்டு வந்தது. "என்னம்மா? உள்ள என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலடி," என்றார் அத்தை. "கீழ போய் வண்டியை அணைக்கச் சொல்லு. சாப்ட்டுட்டுப் போங்க. நான் வரல, இவ விட மாட்டேங்கறா."

என் கையிலிருந்து புடவையைப் பிடுங்கி, அலமாரியைத் திறந்து, கோணல்மாணலாக உள்ளே திணித்தார். நான் அதைத் திருத்தப் போகவில்லை. அவர் பின்னாலேயே நின்று, இன்னொரு தடவையும் சொன்னேன், மெதுவாக. அந்தத் தடவை யாரும் சொல்லச் சொல்லவில்லை.